மடிப்பின் எடை

என் பர்ஸில், ஏ.டி.எம். கார்டுக்குப் பின்னால், ஒரு எடைச்சீட்டு இருக்கிறது. ஊருக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஓர் எடைமேடையில் ஒன்றரை வருஷம் முன்னால் வாங்கியது. மை பாதி அழிந்துவிட்டது. 2,370 என்ற எண் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. என்னவென்று வீட்டில் கேட்டால், மார்க் சீட் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். நாமக்கல்லில் நாலைந்து கோழிப்பண்ணைகளும் இரண்டு லாரி ஆபீஸ்களும் என் கணக்கை நம்பித்தான் இருக்கின்றன. அடுத்தவர் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தாலே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. என் சொந்தக் கணக்கில் 155 கிலோ உதைத்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய கதைதான் இது. பிக்கப் வண்டியின் முதுகில் வைக்க, மடித்து விரிக்கிற ஒரு வீட்டை நானே செய்த கதையும் இதற்குள் இருக்கிறது. ஆனால் எனக்குள் இன்னும் அரித்துக்கொண்டிருப்பது வீடு இல்லை, அந்த 155 கிலோதான்.

வண்டி ஒரு பழைய டபுள் கேபின் பிக்கப், வெள்ளை போர்டு. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. தொட்டியின் நீளம் ஐந்தடி. என் உயரம் ஐந்தே முக்கால். இந்த முக்கால் அடிதான் எல்லாப் பிரச்சினைக்கும் மூலம். அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டி வீட்டுக்குக் கேம்பர் என்று பெயர், அங்கே இதைச் செய்கிறவர்களின் வண்டிகளில் எட்டடித் தொட்டி சர்வசாதாரணம். மேலே பெட்டியை வைத்தால் மனிதன் நிம்மதியாகக் காலை நீட்டலாம், உயரத்துக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணினால் போதும். 1950களிலேயே அலாஸ்கா நெடுஞ்சாலையில் போவதற்கென்று, மேல் பாதி கீழ் பாதியை மூடிக்கொண்டு தீப்பெட்டி மாதிரி இறங்குகிற பெட்டிகளை ஹைட்ராலிக்கில் செய்திருக்கிறார்கள். நம் ஊர் டபுள் கேபினில் நீளத்துக்கும் ஒரு மடிப்பு வேண்டும், உயரத்துக்கும் ஒரு மடிப்பு வேண்டும். கூரை ஆப்பு மாதிரி பின்பக்கம் எழும்ப வேண்டும். பின்சுவர் கீழே சாய்ந்து, திறந்த டெயில் கேட்டின், அதாவது தொட்டியின் பின்கதவின், மேல் படுத்துக் கட்டிலின் கால்மாடு ஆக வேண்டும். பக்கவாட்டில் ஒரு பலகை விரிந்தால் அடுப்பு வைக்கலாம். மூன்று மடிப்பு. காகிதத்தில் வரைந்தபோது எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

மடிக்காமல் உயரமாக ஒரு பெட்டியையே வைத்துவிடலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. காற்றும் கொண்டை ஊசி வளைவும் ஒருபுறம் இருக்கட்டும், சட்டம் இன்னொரு புறம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் அமைப்பைக் கம்பெனி செய்ததிலிருந்து மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் பெட்டி வண்டியோடு பற்றவைக்கப்பட்டதாக இருக்கக்கூடாது. நாலு போல்ட்டைக் கழற்றினால் இறங்கிவிடுகிற ஒரு சரக்காக மட்டுமே அது என் வண்டியில் பயணம் செய்ய வேண்டும். சரக்கு என்றால் வெளியே நீட்டக்கூடாது. பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று அதே வருஷம் வந்த திருத்தம் சொல்கிறது. ஓடும்போது உள்ளே ஆள் உட்காரவும் கூடாது. ஆக, ஓடும்போது பெட்டி, நிற்கும்போது வீடு. இவ்வளவு பார்த்த பிறகும் இது முழுக்கச் சரிதானா என்று எனக்கு ஒரு கூச்சம் உண்டு. யாராவது இதைப் படித்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தால் முதலில் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய்ப் பேசிவிடுங்கள்.

கோழி வண்டியா சார்?

நாமக்கல்லில் பிக்கப் மேல் எதை ஏற்றினாலும் அது கோழிக்காகத்தான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இதில் ஒருமித்த கருத்து. கம்பிச் சட்டம் எழும்பிய முதல் வாரமே எதிர்வீட்டுக்காரர் வந்து, "பிராய்லருங்களா, நாட்டுக்கோழிங்களா?" என்று கேட்டார். நாங்கள் படுப்பதற்கு என்று சொன்னதும் சட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காத்தோட்டம் பத்தாதுங்களே" என்றார். நண்பன் ஒருவன் இன்னும் விவரமாக, "இதுக்குப் பேசாம பொலேரோ கேம்பரே வாங்கியிருக்கலாமே, அதுலயே கேம்பர்னு எழுதியிருக்கு" என்றான். அந்த வண்டியும் டபுள் கேபின் பிக்கப்தான், பெயரில்தான் கேம்பர். அதில் மூட்டையும் ஆளும் போவார்கள், அங்கே யாரும் படுத்து நான் பார்த்ததில்லை. இதை அவனுக்கு விளக்க ஒரு டீ செலவானது.

என் அப்பாவுக்கு மட்டும் இந்த விஷயம் வினோதமாகவே படவில்லை. சின்ன வயதில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குலசாமி கோவிலுக்குப் போனவர். வைக்கோலைப் பரப்பி அதன் மேல் ஜமுக்காளம் விரித்துப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே, பெரியவர்கள் வண்டிக்கு அடியில். "கூண்டுக்குப் பாய் வளைச்சுக் கட்டுவாங்க, மூங்கில் பிளாச்சு. ரெண்டு ஆள் தூக்கி வெச்சுருவாங்க" என்றார். ரெண்டு ஆள் தூக்கி வைத்துவிடுவார்கள் என்பதை அன்றைக்கே நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வளைத்த மூங்கிலுக்கும் பாய்க்கும் கீல் கிடையாது, தாழ் கிடையாது, ரப்பர் பீடிங் கிடையாது. நான் அப்போது எக்செல்லில் இருந்தேன்.

பட்டறை

நாமக்கல்லுக்கு லாரி பாடி கட்டுவது குலத்தொழில் மாதிரி. கரூரில் பஸ் பாடி என்றால் இங்கே லாரி பாடி. பெரிய பட்டறைகள் என் வேலையைத் தொடவே மாட்டார்கள், அவர்களுக்கு இது பொம்மை. கடைசியில் ஊரோரம் ஒரு சின்னப் பட்டறையில், முப்பது வருஷம் லாரி பாடி கட்டிவிட்டு இப்போது கேட்டும் ஷட்டரும் செய்துகொண்டிருக்கிற ஓர் அண்ணன் கிடைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், நானும் கூட நின்று வேலை செய்வது என்று ஒப்பந்தம். என் படத்தை வாங்கி அவர் வெகுநேரம் பார்த்தார். தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார். பிறகு, மூன்று மடிப்புகளையும் சாக்பீஸ் பிடித்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "மடிக்கிற எடத்துலதானுங்க தம்பி ஒழுகும்" என்றார்.

அதற்குத்தான் சிலிக்கான் இருக்கிறதே என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. லாரி பாடிக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள், ரோடு பேசிக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள்.

எட்டு மாதம் போனது. வெல்டிங் பற்றியோ பிளைவுட் வெட்டுவது பற்றியோ பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொறுமை உள்ள யாரும் கற்றுக்கொள்ளலாம், கண்ணாடி போட மறக்காதீர்கள். ஆனால் கூரையைத் தூக்குகிற விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அதில் நான் தாடையில் அடி வாங்கியிருக்கிறேன். கூரையின் கீல் கேபின் பக்கம், அதாவது வண்டியின் முன்பக்கம். அப்போதுதான் ஓட்டத்தில் எதிர்க்காற்று கூரையை அழுத்துமே தவிரக் கிளப்பாது. பின்பக்கம் தூக்குவதற்கு, ஸ்டோரேஜ் கட்டிலுக்குப் போடுகிறார்களே, கடைக்காரர்கள் 'ஹைட்ராலிக்' என்று விற்பார்களே, அந்தக் கேஸ் கம்பிதான். உள்ளே இருப்பது நைட்ரஜன் வாயு. மேலே அச்சடித்திருக்கும் எண் நியூட்டன் கணக்கு, பத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. என் கூரை 48 கிலோ. ஆகவே 250 நியூட்டனில் இரண்டு போட்டால் 50 கிலோ, கூரை பூ மாதிரி எழும்பும் என்று ஒரு கணக்கப்பிள்ளை நினைப்பது இயற்கை. கூரை அசையவே இல்லை. கம்பியின் ஒரு முனையைக் கீலுக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம், கூரையின் எடையோ நடுவில் இருக்கிறது. கீலுக்கு எவ்வளவு பக்கத்தில் மாட்டுகிறோமோ அவ்வளவுக்குப் பலம் அதிகம் வேண்டும். இது போதாதென்று, கூரை மூடியிருக்கும்போது கம்பியும் படுத்துக் கிடக்கிறது. படுத்த கம்பி கூரையை மேலே தள்ளாது, கீலைத்தான் முன்னால் தள்ளும். 800 நியூட்டன் வாங்கி மாட்டினேன். முதல் ஒரு சாண் என் முதுகெலும்பு தூக்கியது, அதற்குப் பிறகு கம்பிகள் நிமிர்ந்து, கூரை என் கையை விட்டுவிட்டுத் தானே பறந்து, போகிற வழியில் தாடையையும் கூட்டிக்கொண்டு போனது. அண்ணன் இரண்டு பக்கமும் ஒரு கயிறு கட்டிக் கொடுத்தார். கூரை இன்றும் அந்தக் கயிற்றைக் கேட்டுத்தான் எழுகிறது.

எழுபது வளைவு

முதல் பயணம் கொல்லிமலை. வேறு எங்கே போவோம், வாசலில் நின்றால் தெரிகிற மலை. ஐப்பசி, மழை உண்டென்று தெரியும், அதுவும் ஒரு பரீட்சைதானே என்று திமிர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. வண்டி கிளம்பியதிலிருந்தே ஒன்றைக் கவனித்தேன். ஸ்டியரிங் வெண்ணெயாக இருந்தது. பெட்டி ஏற்றிய பிறகு வண்டி ஓட்டுவதற்கு இவ்வளவு சொகுசாகிவிட்டதே என்று மனைவியிடம் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். முப்பதாவது வளைவுக்கு மேல் ஒரு விஷயம் உறுத்தியது. திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பியது. ஈர ரோடு, அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, மேலே உள்ள கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைப்பிடியை அவள் சாதாரணமாகப் பிடிக்கிறவள் இல்லை.

காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு வண்டியை நிறுத்திப் படுக்க முடியாது, கூடாது. செம்மேட்டுக்கு அந்தப் பக்கம், எனக்குக் கணக்கு வேலை தருகிற ஒருவரின் மிளகுத் தோட்டத்துக் களத்தில் நிறுத்தினோம். கயிற்றை இழுத்தேன், கூரை எழும்பியது. பின்சுவர் சாய்ந்தது. படுதா விரிந்தது. தோட்டக்காரரின் பேரன்கள் வாயைத் திறந்து பார்த்தார்கள். எட்டு மாத ஞாயிறுகளுக்கும் அந்தப் பதினைந்து நிமிஷம் கூலி கொடுத்துவிட்டது. என் மகள் உள்ளே போய்ப் படுத்து, காலை நீட்டி, "அப்பா, இடிக்கல!" என்று கத்தினாள். அவளுக்கு வயது எட்டு. அவள் கால் எதில்தான் இடிக்கும்?

ராத்திரி பதினொன்றுக்கு மழை. படுதா தாங்கியது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். லாரிக்குத் தைக்கிறவரிடம் தைத்த கெட்டிப் பருத்தித் துணி. நனைந்ததும் நூல் உப்பி, கண் மூடிக்கொள்ளும். உள்பக்கம் கை வைத்து அழுத்தாதவரை ஒரு சொட்டு வராது. சொட்டு கீல்களில் வந்தது. கூரைக் கீலில் ஒரு கோடாக, பின்சுவர்க் கீலில் வரிசையாக, சரியாகப் பட்டறை அண்ணனின் சாக்பீஸ் விரல் தொட்ட இடங்களில். சிலிக்கான் அசையாத இடத்துக்கு ஆனது. மடங்கி விரிகிற கீலில் பூசினால் நாலே மடிப்பில் தோல் மாதிரி உரிந்துவிடும், உரிந்த இடுக்கு தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு மணிக்கு மூன்று பேரும் முன்சீட்டிலும் பின்சீட்டிலுமாக உட்கார்ந்து தூங்கினோம். மெத்தை மட்டும் வீட்டுக்குள் படுத்திருந்தது.

எடைமேடை

ஒழுகியதற்காக நான் எடைமேடைக்குப் போகவில்லை. இறங்கி வரும்போது டயரில் காற்று பிடித்தேன். பஞ்சர் கடைப் பையன் பின்சக்கரத்தையும் அதற்கு மேல் நிமிர்ந்து படுத்துவிட்ட ஸ்பிரிங் பட்டையையும் பார்த்துவிட்டு, "எத்தன டன்னுங்க?" என்றான். இருநூற்றைம்பது கிலோ என்றேன். எக்செல்லில் 255. அவன் சிரித்தான். எதிரில்தான் எடைமேடை இருக்கிறது, போட்டுப் பார்த்துவிடுங்கள் என்றான். அவனைப் பொய்யாக்குவதற்காகவே போனேன்.

முட்டை லாரிக்கும் மக்காச்சோள லாரிக்கும் நடுவில் என் வண்டி. ஆட்களை இறக்கிவிட்டு எடை போட்டார்கள். அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். 2,370. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெரியவர் சீட்டை நீட்டாமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முன்வீல மட்டும் மேல நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். 1,060. பின்வீல் 1,310. "சும்மா வண்டி எவ்வளவுங்க?" எனக்குத் தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு ஆரம்ப இருப்பு தெரியவில்லை. அவர் அதற்கு மேல் அதைக் கேட்காமல், "ஸ்டியரிங் லேசா இருக்குமே?" என்றார். நான் சந்தோஷமாக, "ஆமாங்க, வெண்ணெ மாதிரி" என்றேன்.

"வெண்ணெ இல்லீங்க. முன்டயர் ரோட்டுல சரியா உக்காரல."

சொல்லிவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு அது ஒரு வண்டி. எனக்கு முந்தைய நாள் எழுபது வளைவும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னால் சாய்ந்திருக்கும். ஈர ரோட்டில், பள்ளத்தை ஒட்டிய வளைவில், திருப்பினால் ஒரு நொடி யோசித்த அந்த வண்டியில் என் மகள் பின்சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. ஒழுகியதை நினைத்து அவமானப்பட்டுக்கொண்டு இறங்கி வந்தவன், ஒழுகியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வீடு வரை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் என் பரம்பரையையே விசாரித்திருப்பார்கள்.

மறுநாள் பட்டறையில் செயின் பிளாக்கில் பெட்டியைத் தூக்கிவிட்டு, வெறும் வண்டியை அதே மேடைக்குக் கொண்டுபோனேன். மொத்தம் 1,960. முன்வீல் 1,090, பின்வீல் 870. பெட்டி 410 கிலோ. 410 கிலோவை ஏற்றிய பிறகு முன்வீலின் பாரம் 30 கிலோ குறைந்திருக்கிறது. அதாவது பெட்டியின் பாரம் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, ஏற்றக்கட்டை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் உச்ச எடை 2,590. எங்கள் மூன்று பேரையும், 40 லிட்டர் தண்ணீரையும், சட்டி பானை துணிமணியையும் சேர்த்தால் அதையும் தாண்டி ஐம்பது கிலோவுக்கு மேல் ஏற்றியிருக்கிறேன்.

155

அந்த வாரம் முழுக்க 155 கிலோவைத் தேடினேன். பெட்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் போட்டேன். சில குற்றவாளிகள் சீக்கிரம் பிடிபட்டார்கள். நான் கணக்குப் போட்டது 16 கேஜ் ஒரு இன்ச் ஸ்கொயர் பைப், இருபதடி நீளம் ஏழு கிலோ சொச்சம். கடையில் கொடுத்தது 14 கேஜ், கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும், அது ஒன்பது கிலோவை நெருங்கும். பதினாலு நீளத்துக்கு 22 கிலோ அங்கே போனது. ஆறு எம்.எம். என்று எழுதிய பிளைவுட் நாலு ஷீட், மிதித்தால் அமுங்குகிறது என்று ஒன்பது எம்.எம். ஆனதில் 24 கிலோ. தென்னைநார் மெத்தை 18 கிலோ, அதை எக்செல்லில் எழுதவே இல்லை. வீடு கட்டுகிறவன் மெத்தையை வீட்டின் எடையில் சேர்ப்பானா? ஆக 64. மிச்சம் 91 கிலோவுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

பெயர் கிடைத்தது ஒரு மத்தியான வேளையில், பட்டறையில் பிரித்துப் போட்ட சட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. எல்லாம் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. பின்சுவர் சும்மா நின்றிருந்தால் அதற்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு பைப் போதும். அது மடங்க வேண்டும் என்றால் இந்தப் பக்கம் ஒரு பைப், அந்தப் பக்கம் ஒரு பைப், நடுவில் கீல். கூரை ஓரம் அப்படியே. அடுப்புப் பலகை அப்படியே. எங்கெல்லாம் மடிப்போ அங்கெல்லாம் ஒரு விளிம்பு இரண்டு விளிம்பாகிவிட்டது. கணக்கில் எழுதியிருந்த பதினாலு நீளத்துக்கு மேல் ஆறு நீளம் பைப் அதற்கே போயிருக்கிறது, 53 கிலோ. கீல், கேஸ் கம்பி, தாழ், கொக்கி எல்லாம் சேர்த்து 23. இடைவெளியை மூடுகிற படுதாவும் ரப்பர் பீடிங்கும் 15. கூட்டிப் பாருங்கள். இவற்றில் ஒன்றுகூடப் படுப்பதற்கோ சமைப்பதற்கோ உதவுகிற பொருள் இல்லை. எல்லாம் மடிப்பதற்காக மட்டுமே இருக்கின்றன. அதிலும் பெரும்பகுதி வண்டியின் வால் பக்கம், ஆக்ஸிலுக்குப் பின்னால். மடித்தால் இடம் மிச்சம் என்று மட்டும் நினைத்திருந்தேன். இணையத்தில் இரண்டே நாளில் கேம்பர் கட்டுகிற காணொளிகளில் கீல் சுழல்வதை அழகான இசையோடு காட்டுகிறார்கள். எடைமேடையை யாரும் காட்டுவதில்லை.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "லாரில சைடு டோரு இறக்கற மாதிரி பண்ணுன்னு கேப்பாங்க. பண்ணலாம், அப்பறம் நூறு கிலோ லோடு கம்மியா ஏத்திக்கோம்போம். கேக்க மாட்டாங்க" என்றார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக அவராகவே கேட்டார்: "இதுல எந்த மடிப்பு இல்லாட்டி தம்பிக்குத் தூக்கம் வராது?"

யோசித்தால், கூரை ஒன்றுதான்.

பின்சுவர் மடிப்பு போனது. அதற்குப் பதிலாக வந்தது எங்கள் ஊர்ப் பழைய மளிகைக் கடைகளின் பலகைக் கதவு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி, பள்ளத்தில் வரிசையாகச் சொருகுவார்களே, அதேதான். மூன்று பலகை. ஓடும்போது அவையே பின்சுவர். நிறுத்தியதும் உருவி எடுத்து டெயில் கேட் மேல் போட்டால் கால்மாடு. கீல் இல்லை, தாழ் இல்லை. அடுப்புப் பலகையும் போனது, தோட்டத்துக் களத்தில் அடுப்பைத் தரையில் வைத்துச் சமைக்க ஒரு தடையும் இல்லை. தண்ணீர் கேனும் சிலிண்டரும் கேபினை ஒட்டி முன்னால் நகர்ந்தன. மேல் சட்டம் முழுக்க அலுமினியம், இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை. அலுமினியத்தை அந்தப் பட்டறையில் பற்றவைக்க முடியாது, ஆகவே மூலைக்கு மூலை தகடு வைத்து ரிவெட். இரும்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் பொடிந்துவிடும் என்று நடுவில் லாரி டியூபை வெட்டி வைத்தார். சுவருக்கு பிளைவுட் போய் மூன்று எம்.எம். ஏ.சி.பி. ஷீட்டும் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக்) ஒரு இன்ச் தெர்மோகோல் போன்ற கெட்டி ஃபோமும். கூரைக் கீலுக்கு அவர் சிலிக்கானைத் தொடவே இல்லை. மேலே ஒரு தகட்டை இசட் மாதிரி மடக்கி, ஓட்டு வீட்டில் ஓட்டுக்கு மேல் ஓடு ஏறி நிற்கிற மாதிரி கீலைத் தாண்டி இறக்கினார். அதற்குக் கீழே மறுபடியும் லாரி டியூப், அகலமாக, இரண்டு பக்கமும் பட்டி வைத்து. தண்ணீர் வரட்டும், வந்து விளிம்பில் வழிந்து போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுபடியும் எடைமேடை. அதே பெரியவர், என்னை ஞாபகம் இல்லை. மொத்தம் 2,230. முன்வீல் 1,110. பின்வீல் 1,120. பெட்டி 270 கிலோ, முன்வீல் வெறும் வண்டியைவிட 20 கிலோ கூட அழுத்துகிறது. ஸ்டியரிங் கனமாகிவிட்டது. அந்தக் கனத்தை அனுபவித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இருந்தாலும் சொல்கிறேன், அந்தச் சாய்கிற பின்சுவர் எனக்குப் பிடித்திருந்தது. தோட்டக்காரரின் பேரன்கள் வாயைத் திறந்தது அதற்குத்தான், மூன்று பலகையை உருவுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது வேண்டியதுதானா இல்லையா என்று எனக்கும் எனக்கும் நடக்கிற வழக்கு இன்னும் முடியவில்லை. படத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

போன மார்கழியில் மறுபடி கொல்லிமலை, அதே களம். நல்ல குளிர், பெரிய மழை இல்லை, தூறல். மூன்று பேரும் நெல் மூட்டை மாதிரி நெருக்கியடித்துப் படுத்திருந்தோம். விடியற்காலை நாலு மணி இருக்கும், நெற்றியில் ஒரு சொட்டு. எழுந்து டார்ச் அடித்தேன். கீல் காய்ந்து கிடந்தது. டியூப் காய்ந்து கிடந்தது. ஆனால் கூரையின் அலுமினியச் சட்டம் நெடுக முத்து முத்தாகத் தண்ணீர். மனைவியை எழுப்பி, "ஒழுகுது" என்றேன். அவள் கையை நீட்டிச் சட்டத்தைத் தடவி, வெளியே படுதாவைத் தடவி, மறுபடி திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒழுகலைங்க, நம்ம மூச்சு" என்றாள். சன்னல் துணியை முழுக்க இறக்கிக் கட்டியது நான்தான், குளிருமே என்று. ஒரு ராத்திரியில் ஓர் ஆள் மூச்சாகவும் வேர்வையாகவும் விடுகிற ஈரம் ஒரு டம்ளருக்கு மேல். மூன்று டம்ளரும் போக வழியில்லாமல், ஃபோம் மூடாத குளிர்ந்த அலுமினியத்தில் போய் உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் காற்றோட்டம் பத்தாது என்று அன்றைக்கே சொன்னார்.

விடிந்ததும் பட்டறைக்கு போன் போட்டேன். மழை என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கூரைக் கீலு ஒழுகுச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. நாங்கதான் ஒழுகியிருக்கோம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கிரைண்டர் ஓடுவது மட்டும் கேட்டது.

"அதுக்குத் தகடு இல்லீங்க தம்பி" என்றார்.